டக்ஸ்ஃபோர்டு: போர் புறப்பட்ட புல்வெளி

லண்டனிலிருந்து கேம்பிரிட்ஜ் நோக்கி வடக்கே போகும் எம்11 நெடுஞ்சாலை, பத்தாம் சந்திப்புக்குப் பக்கத்தில் டக்ஸ்ஃபோர்டு என்ற பழைய விமானத்தளத்தின் கிழக்கு முனையைத் தொட்டுக்கொண்டு செல்கிறது. காரில் போகிறவர்களுக்கு ஒரு கணம் பரந்த புல்வெளி தெரியும். அதன் ஓரமாக வரிசையாய் நிற்கும் விமானக் கொட்டகைகள் தெரியும். அதிர்ஷ்டம் இருந்தால் தலைக்கு மேலே தாழப் பறக்கும் ஸ்பிட்ஃபயர் என்னும் பழைய போர்விமானம் ஒன்றும் கண்ணில் படும். இந்தச் சாலை போடப்பட்டபோது தளத்தின் ஓடுபாதையில் ஒரு பகுதியை விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது. அப்படி வெட்டுப்படுவதற்கு முன்பாக, 1977 ஆகஸ்ட் 20 அன்று, ஒரு கான்கார்ட் அவசரமாக இங்கே கொண்டுவந்து இறக்கப்பட்டது. சோதனை ஓட்டங்களுக்கென்றே கட்டப்பட்ட 101ஆம் எண் விமானம் அது. 1974இல் ஒலியைவிட 2.23 மடங்கு வேகத்தை எட்டி, கான்கார்ட் விமானங்களிலேயே வேகமானது என்று பெயர் வாங்கியது. மிச்சமிருக்கும் ஓடுபாதை அதற்குப் போதாது. வந்து இறங்கியதோடு அதன் பறத்தல் முடிந்துவிட்டது.

இப்போது படியேறி அதற்குள் நடந்து பார்க்கலாம். பயணிகள் இருக்கைகள் இருக்கவேண்டிய இடத்தில் சோதனைப் பொறியாளர்களின் கருவிப் பெட்டிகள் வரிசையாக நிற்கின்றன.

பிரிட்டனின் இம்பீரியல் போர் அருங்காட்சியகத்துக்குப் பல கிளைகள் உண்டு. பெரிய பொருட்களெல்லாம், அதாவது கட்டடத்துக்குள் அடங்காத விமானங்களும் டாங்கிகளும், டக்ஸ்ஃபோர்டுக்கு வந்து சேர்ந்தன. ஆனால் இடவசதிக்காகக் கிடைத்த வெறும் கிடங்கு என்று இந்த ஊரை நினைத்துவிடக் கூடாது. முதல் உலகப் போரின் கடைசி ஆண்டுகளில் கட்டப்பட்ட தளம் இது. மரச் சட்டங்களால் வளைத்துக் கட்டிய அந்தக் காலக் கொட்டகைகள் இன்றும் விமானங்களுக்குக் கூரையாக இருக்கின்றன. 1938 ஆகஸ்ட் 4ஆம் தேதி பிரிட்டிஷ் விமானப்படையின் முதல் ஸ்பிட்ஃபயர் வந்து இறங்கியது இந்தப் புல்வெளியில்தான். அதைப் பெற்றுக்கொண்டது 19ஆம் படையணி. பொருளும் இடமும் இப்படிப் பொருந்தி நிற்கும் போர் அருங்காட்சியகங்கள் உலகில் மிகச் சில.

கொட்டகைகளில் ஒன்று மட்டும் இல்லை. இரண்டு உலகப் போர்களையும் தாங்கி நின்ற அது 1968இல் ‘பேட்டில் ஆஃப் பிரிட்டன்’ திரைப்படத்துக்காக நிஜமாகவே வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. 1961இல் விமானப்படை தளத்தைக் கைவிட்டுப் போயிருந்தது. இனி இது யாருக்கும் வேண்டாத இடம் என்ற எண்ணம் அப்போது இருந்தது. அந்த வெற்றிடத்தைப் பார்க்கும் எவருக்கும் வருத்தம் வரவே செய்யும். சில ஆண்டுகள் பொறுத்திருந்தால் போதும், அருங்காட்சியகம் இங்கே வந்திருக்கும்.

நுழைவாயிலுக்கு அருகிலிருக்கும் பெரிய மண்டபத்தின் பெயர் ஏர்ஸ்பேஸ். கான்கார்டும் இங்கேதான் இருக்கிறது. அதைச் சுற்றிக் கூரையிலிருந்து தொங்கும் விமானங்களும் தரையில் நிற்கும் விமானங்களுமாக ஒரு நூற்றாண்டு விரிகிறது: கேன்வாஸ் துணி போர்த்திய இரட்டைத் தட்டு இறக்கை விமானங்கள், மரத்தால் செய்த மஸ்கிட்டோ, கடலில் இறங்கும் சண்டர்லேண்ட், அணுகுண்டு சுமக்கப் பிறந்த வல்கன். கூட்டம் அதிகம் நிற்பது லங்காஸ்டர் முன்னால். நான்கு எஞ்சின், ஏழு பேர், இரவில் பறந்து ஜெர்மன் நகரங்கள் மீது குண்டு போட்டுத் திரும்பும் வேலை. திரும்பாதவர்கள் ஏராளம். பிரிட்டனின் குண்டுவீச்சுப் பிரிவில் பணியாற்றிய சுமார் 1,25,000 விமானப் பணியாளர்களில் 55,573 பேர் இறந்துபோனார்கள். ஏறக்குறைய இரண்டு பேரில் ஒருவர்.

அந்தக் குண்டுகள் விழுந்த இடத்தையும் சேர்த்தே எண்ண வேண்டும். 1943 ஜூலையின் கடைசி வாரத்தில் ஹாம்பர்க் நகரில் எழுந்த நெருப்புப் புயலில் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட மக்கள் மாண்டார்கள். லங்காஸ்டரின் வயிற்றுப் பகுதியில் குண்டு அறைக் கதவுகள் மிக நீளமானவை. அவற்றுக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்க்கும்போது இந்த இரண்டு எண்களும் ஒன்றாகவே மனத்தில் வர வேண்டும்.

அடுத்த கொட்டகையில் இருப்பவை பறக்கும் விமானங்கள். கயிறு கட்டிய பாதைக்கு அந்தப் பக்கம் ஒரு விமானத்தின் மூக்குப் பகுதி திறந்து கிடக்கும்; எண்ணெய்க் கறை படிந்த மேலங்கியோடு இருவர் எஞ்சினுக்குள் கைவிட்டுக்கொண்டிருப்பார்கள். வேலை முடிந்ததும் விமானம் வெளியே தள்ளப்படும். ஸ்பிட்ஃபயராக இருந்தால் அதன் மெர்லின் எஞ்சின் முதலில் இருமும், புகை கக்கும், பிறகு சீராகிவிடும். பன்னிரண்டு சிலிண்டர்களின் அந்த ஓசையைப் படங்களில் கேட்டுப் பழகியவர்களுக்கும் நேரில் கேட்பது புதிது. அது காதுக்கு முன்னால் நெஞ்சுக்கூட்டில் உறைக்கிறது. நடந்துகொண்டிருந்த பள்ளிப் பிள்ளைகளும் அவர்களின் ஆசிரியர்களும் அப்படியே நின்றுவிடுகிறார்கள்.

இங்கிருந்து பறக்கும் ஸ்பிட்ஃபயர்களில் என்3200 என்ற எண் கொண்டதன் கதை தனித்துச் சொல்லத் தக்கது.

1940 மே 26. டன்கர்க் கடற்கரையில் சிக்கிக்கொண்ட பிரிட்டிஷ் படைகளைக் கப்பலேற்றும் முயற்சி தொடங்கிய நேரம். 19ஆம் படையணியின் தலைவர் ஜெஃப்ரி ஸ்டீஃபென்சன் இந்த விமானத்தில் தம் ஆட்களை நடத்திச் சென்றார். எதிரே வந்தவை ஸ்டூகா என்னும் ஜெர்மன் குண்டுவீச்சு விமானங்கள். மெதுவாகப் பறப்பவை. அமைதிக் காலத்தில் எழுதிய பயிற்சி நூல் எப்படித் தாக்கச் சொன்னதோ, அப்படியே ஸ்டீஃபென்சன் வேகத்தைக் குறைத்துப் பின்னாலிருந்து நெருங்கினார். ஸ்டூகாவின் பின்னிருக்கைத் துப்பாக்கிக்காரர்களுக்கு அது நல்ல வாய்ப்பாகிவிட்டது. எஞ்சினைக் குளிர்விக்கும் அமைப்பு அடிவாங்க, பிரான்ஸில் கலே நகருக்கு அருகே கடற்கரை மணலில் விமானத்தை இறக்கினார். தப்பி நடந்தும் பிடிபட்டு, கடைசியில் கோல்டிட்ஸ் கோட்டைச் சிறைக்குப் போய்ச் சேர்ந்தார். விமானம் மணலுக்குள் புதைந்தது. 1986இல் கடல் மணலை அரித்தபோது அதன் உடல் மறுபடியும் வெளியே தெரிந்தது. நீண்ட சீரமைப்புக்குப் பிறகு 2014இல் டக்ஸ்ஃபோர்டிலிருந்து அது மீண்டும் வானேறியது. அடுத்த ஆண்டு அதன் உரிமையாளர் அதை அருங்காட்சியகத்துக்கே கொடையாகத் தந்துவிட்டார். அதே கடற்கரைப் பகுதியில் இதேபோல் புதைந்து மீண்ட இன்னொரு ஸ்பிட்ஃபயர், அந்த ஆண்டு லண்டன் ஏலத்தில் முப்பது லட்சம் பவுண்டுக்கு மேல் விலைபோனது.

இத்தனை காலம் உப்பு மணலில் கிடந்த விமானத்தில் பழைய உலோகம் எவ்வளவு மிஞ்சியிருக்கும்? மிகக் கொஞ்சம்தான். பெரும்பகுதி புதிதாக வார்த்தும் வெட்டியும் ஒட்டவைத்தது. அப்படியானால் இதைப் பழைய விமானம் என்று சொல்லலாமா என்று கேட்பவர்கள் உண்டு. தமிழர்களுக்கு இந்தக் கேள்வி அவ்வளவு குழப்பம் தராது. திருப்பணியில் கல் மாறும், மரம் மாறும், கலசம் மாறும்; குடமுழுக்கு முடிந்த பின் அதை வேறு கோயில் என்று யாரும் சொல்வதில்லை. இந்த விமானத்தைப் பார்ப்பவர்கள் கேட்க வேண்டிய கேள்வி வேறு: ஸ்டீஃபென்சனின் கதை அதனோடு சேர்த்துச் சொல்லப்படுகிறதா? டக்ஸ்ஃபோர்டில் சொல்லப்படுகிறது. போருக்குப் பின்னும் அவர் விமானப்படையிலேயே இருந்தார் என்பதும், 1954இல் அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் ஒரு புதிய ஜெட் விமானத்தை ஓட்டிப் பார்க்கும்போது விபத்தில் இறந்தார் என்பதும் அந்தக் கதையின் மிச்சம்.

ஸ்டீஃபென்சனுக்கு ஒரு நண்பர் இருந்தார். 1931இல் சாகசப் பறப்பு ஒன்றில் விழுந்து இரண்டு கால்களையும் இழந்தவர். விமானப்படை வேண்டாமென்று அனுப்பிவிட்ட பிறகும், போர் வந்ததும் செயற்கைக் கால்களோடு திரும்பி வந்து டக்ஸ்ஃபோர்டில் ஸ்டீஃபென்சனின் படையணியிலேயே சேர்ந்தவர். டக்ளஸ் பேடர். 1940 கோடையில் ஜெர்மன் விமானங்கள் பிரிட்டனைத் தாக்கிய ‘பிரிட்டன் சண்டை’யின்போது இந்தத் தளத்தின் பெயரோடு ஒட்டிக்கொண்ட மனிதர் அவர்தான். எதிரி விமானங்களைச் சின்னக் குழுக்களாகப் போய் எதிர்ப்பதைவிட, மூன்று முதல் ஐந்து படையணிகள் ஒன்றுகூடிப் பெரும் திரளாகத் தாக்க வேண்டும் என்பது அவர் வாதம். தெற்கு இங்கிலாந்தைக் காத்த கீத் பார்க் இதை ஏற்கவில்லை. அத்தனை விமானங்கள் வானில் அணிசேர்வதற்குள் குண்டு விழுந்துவிடும் என்றார். இரு தரப்பும் இன்றுவரை வாதாடுகின்றன. பெருந்திரள் வீழ்த்தியதாக அப்போது சொன்ன எண்ணிக்கைகள் உண்மையைவிட மிக அதிகம் என்று போருக்குப் பிறகு ஜெர்மன் ஆவணங்கள் காட்டிவிட்டன. பார்க் சொன்னதில்தான் நியாயம் அதிகம்.

வாதம் எதற்கு என்று புரிய வேண்டுமானால் இந்தத் தளத்தின் கட்டுப்பாட்டு அறைக்குள் போக வேண்டும். சின்னக் கட்டடம். விமானங்களைப் பார்க்க வந்த கூட்டம் இதைக் கண்டுகொள்ளாமல் கடந்துவிடுகிறது. டக்ஸ்ஃபோர்டில் ஒரே ஓர் இடத்தைத்தான் பார்க்க முடியும் என்றால் பார்க்க வேண்டியது இதைத்தான்.

அறையின் நடுவே பெரிய வரைபட மேஜை. அதைச் சுற்றி நின்று, நீண்ட கோல்களால் காய்களை நகர்த்தியவர்கள் விமானப்படை மகளிர் பிரிவைச் சேர்ந்த இளம்பெண்கள். கடற்கரை ரேடார் நிலையங்களும், குன்றுகளில் தொலைநோக்கியோடு நின்ற கண்காணிப்பாளர்களும் தந்த தகவல் தொலைபேசி வழியே போய், சலிக்கப்பட்டு, இந்த மேஜைக்கு வந்து சேரும். சுவரில் ஒரு கடிகாரம். அதன் முகத்தில் ஐந்து நிமிடத்துக்கு ஒரு நிறமாகச் சிவப்பு, மஞ்சள், நீலம் என்று மாறி மாறித் தீட்டியிருக்கிறார்கள். தகவல் வந்தபோது நிமிட முள் எந்த நிறத்தில் நின்றதோ அந்த நிறக் காய்தான் மேஜைக்கு வரும். ஆக, ஒரு காயைப் பார்த்தவுடன் அந்தச் செய்தி எவ்வளவு பழையது என்று மாடத்தில் உட்கார்ந்திருக்கும் அதிகாரிக்குத் தெரிந்துவிடும். பழையதாகிப்போன செய்தி மேஜையில் தங்காது. மணிக்கு நானூறு கிலோமீட்டர் வேகத்தில் வரும் எதிரியைப் பற்றிய செய்திக்குக் கால் மணி நேர ஆயுள் என்பதே அதிகம்.

கணினி இல்லாத காலத்தில், தொலைபேசியையும் வண்ணக் காய்களையும் பயிற்சி பெற்ற பெண்களையும் வைத்துக் கட்டிய இந்த அமைப்புக்கு அதை உருவாக்கிய தளபதி டவுடிங்கின் பெயரையே வைத்தார்கள். ஸ்பிட்ஃபயர் பற்றி எழுதப்பட்ட அளவுக்கு இந்த மேஜையைப் பற்றி எழுதப்படவில்லை. எரிபொருளையும் விமானிகளின் உயிரையும் வீணாக்காமல், தேவையான இடத்துக்குத் தேவையான நேரத்தில் விமானத்தை அனுப்ப முடிந்தது இதனால்தான்.

பிரிட்டன் சண்டைக்கென்று ஒதுக்கிய நான்காம் கொட்டகையில் ஒரு ஜெர்மன் மெசர்ஷ்மிட் 109, அடிபட்டு வயிற்றால் தரையில் இறங்கிய கோலத்திலேயே கிடத்தப்பட்டிருக்கிறது. 1940 செப்டம்பர் 30 அன்று சசெக்ஸ் கடலோரத்தில் விழுந்தது. பிரிட்டனின் போர்ச் செலவுக்கு நிதி திரட்டுவதற்காக இதை வட அமெரிக்காவுக்குக் கொண்டுபோய் ஊர் ஊராகக் காட்சிக்கு வைத்தார்கள்.

நிதி என்ற சொல் வந்ததும் தமிழ் வாசகர்கள் அறிந்துகொள்ள வேண்டிய ஒரு செய்தி இருக்கிறது. 1940 மே 10 அன்று, ஜெர்மனி பிரான்ஸ் மீதும் ஹாலந்து மீதும் பாய்ந்த அதே நாளில், 264ஆம் படையணி டக்ஸ்ஃபோர்டுக்கு வந்தது. அந்தப் படையணியின் முழுப் பெயரில் இன்னொரு சொல்லும் பின்னாளில் சேர்ந்தது: மெட்ராஸ் பிரசிடென்சி. சென்னை மாகாணத்தில் திரட்டிய போர் நிதிக்கு நன்றியாக வைத்த பெயர் அது. 79, 234 ஆகிய படையணிகளும் இதே பெயரைப் பெற்றன. இலங்கையின் பெயரைத் தாங்கிய 102ஆம் படையணி ஹாலிஃபேக்ஸ் குண்டுவீச்சு விமானங்களை ஓட்டியது. ஒரு ஸ்பிட்ஃபயருக்கு 5,000 பவுண்டு என்று கணக்குச் சொல்லி, பேரரசின் ஒவ்வொரு மூலையிலும் வசூல் நடந்த காலம்.

இந்தப் பணத்தின் பின்னணியை நினைத்துப் பார்க்க வேண்டும். இந்தியர்களைக் கேட்காமலேயே இந்தியாவைப் போரில் இழுத்துவிட்டதைக் கண்டித்து, 1939 அக்டோபரில் ராஜாஜி தலைமையிலான சென்னை மாகாண அமைச்சரவை பதவி விலகியிருந்தது. மக்கள் தேர்ந்தெடுத்த அரசு இல்லாத, ஆளுநர் ஆட்சி நடந்த மாகாணத்திலிருந்து போனது அந்த நிதி. ஹிட்லரை வெல்ல வேண்டும் என்று உளமாரக் கொடுத்தவர்கள் அதில் இருந்திருப்பார்கள்; அரசாங்கத்தின் தயவு வேண்டிக் கொடுத்தவர்களும் இருந்திருப்பார்கள்.

264ஆம் படையணியின் விமானம் டிஃபையன்ட். விமானிக்குப் பின்னால் சுழலும் கூண்டில் நான்கு துப்பாக்கிகள். முன்புறம் சுடுவதற்கு ஒன்றுமில்லை. டக்ஸ்ஃபோர்டுக்கு வந்து மூன்றே நாளில், மே 13 அன்று, ஹாலந்து மீது பறந்த ஆறு டிஃபையன்ட்களில் ஐந்து விழுந்தன. மே 29 அன்று டன்கர்க் வானில் கதை மாறியது. இதை முன்னால் மட்டும் சுடும் ஹரிக்கேன் என்னும் போர்விமானமாக எண்ணிப் பின்னாலிருந்து தாக்க வந்த ஜெர்மானியர்கள் நேராகத் துப்பாக்கிக் கூண்டின் முன் வந்து விழுந்தார்கள். அன்று ஒரே நாளில் 37 விமானங்களை வீழ்த்தியதாக அந்தப் படையணி அறிவித்தது. உண்மையான எண்ணிக்கை அதைவிடக் குறைவு. எதிரி விரைவில் பாடம் கற்றுக்கொண்டான். முன்னாலிருந்தும் கீழிருந்தும் தாக்கினால் டிஃபையன்டால் பதில் சொல்ல முடியாது. ஆகஸ்ட் மாதக் கடைசியில் சில நாட்களிலேயே படையணி நொறுங்கியது. தலைவர் ஃபிலிப் ஹன்டர் ஆகஸ்ட் 24 அன்று எதிரியைத் துரத்திக்கொண்டு போனவர் திரும்பவே இல்லை. மிஞ்சியவர்கள் இரவுநேரக் காவலுக்கு மாற்றப்பட்டார்கள். முழுமையாக எஞ்சியிருக்கும் டிஃபையன்ட் உலகில் ஒன்றே ஒன்று; அது பிரிட்டிஷ் விமானப்படையின் சொந்த அருங்காட்சியகத்தில் இருக்கிறது, டக்ஸ்ஃபோர்டில் இல்லை.

மேற்கே நடந்தால், மண்ணிலிருந்து பாதி எழுந்தது போன்ற ஒரு கான்கிரீட் கூரை வருகிறது. நார்மன் ஃபாஸ்டர் வடிவமைத்த அமெரிக்க விமான அருங்காட்சியகம். 1997இல் திறக்கப்பட்டு, மறு ஆண்டு பிரிட்டனின் உயர்ந்த கட்டடக்கலை விருதான ஸ்டிர்லிங் பரிசைப் பெற்றது. நடுவில் ஒரு தூண்கூட இல்லாமல் 90 மீட்டர் அகலத்தை அந்த வளைவு தாண்டுகிறது. 56 மீட்டருக்கு மேல் இறக்கை நீளமுள்ள பி-52 குண்டுவீச்சு விமானத்தை உள்ளே வைக்க வேண்டும் என்பதிலிருந்தே கட்டடத்தின் அளவு பிறந்தது. முன்புறம் முழுவதும் கண்ணாடி.

அமெரிக்கர்களுக்கு இங்கே ஒரு மண்டபம் கட்டியதற்குக் காரணம் உண்டு. 1943 முதல் 1945 வரை டக்ஸ்ஃபோர்டு அவர்கள் கையில் இருந்தது. விமான மூக்கில் கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட 78ஆம் போர்விமானக் குழு இங்கிருந்துதான் ஜெர்மனி வரை பறந்தது.

உள்ளே கறுப்பாக, தட்டையாக, வேறு உலகத்துப் பொருள் போல நிற்கிறது எஸ்ஆர்-71 உளவு விமானம். 1976 ஜூலை 28 அன்று 85,069 அடி உயரத்தில் பறந்து உலக சாதனை படைத்தது இதே விமானம்தான். அமெரிக்காவுக்கு வெளியே காட்சியில் இருக்கும் ஒரே எஸ்ஆர்-71உம் இதுதான். ஆனால் இலங்கையிலிருந்து வருகிறவர்கள் தேட வேண்டியது பக்கத்திலிருக்கும் பி-29 குண்டுவீச்சு விமானத்தை. இந்தக் குறிப்பிட்ட விமானம் கொரியப் போரில் பறந்தது. அதன் மூத்த உடன்பிறப்புகள் 1944இல் வங்காளத்தின் கரக்பூரைச் சுற்றியிருந்த தளங்களில் இருந்தன. அந்த ஆண்டு ஆகஸ்ட் 10 அன்று ஐம்பதுக்கும் மேற்பட்ட பி-29கள் திருகோணமலை சீனக்குடா விமானத்தளத்திலிருந்து புறப்பட்டு, ஜப்பானியர் பிடித்து வைத்திருந்த சுமத்ராவின் பாலெம்பாங் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையைத் தாக்கப் பறந்தன. போகவர ஆறாயிரம் கிலோமீட்டருக்கும் மேலே, பெரும்பகுதி கடல். அந்தப் போரின் மிக நீண்ட குண்டுவீச்சுப் பயணங்களில் ஒன்று அது.

கட்டடத்துக்கு வெளியே, நுழைவாயிலுக்குப் போகும் வழியோரமாக 52 கண்ணாடிப் பலகைகள் வரிசையாக நிற்கின்றன. ரெனாடோ நீமிஸ் என்ற கலைஞர் செய்தவை. பிரிட்டனிலிருந்து புறப்பட்டுத் திரும்பாத அமெரிக்க விமானங்களின் உருவங்கள் அவற்றில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. மேலிருந்து பார்த்தால் தெரியும் வடிவம், ஒவ்வொன்றும் விரல் நீளம். மொத்தம் 7,031. குண்டுவீச்சு விமானம் ஒன்றில் பத்துப் பேர் வரை இருந்தார்கள் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு அந்த வரிசையை நடக்க வேண்டும். முதல் பலகையில் ஆர்வமாகக் குனிந்து வடிவங்களை அடையாளம் காண்பவர்கள், பத்தாவது பலகைக்குள் எண்ணுவதை நிறுத்திவிடுகிறார்கள். போர் நினைவுச் சின்னங்களில் வாளும் சிங்கமும் சொல்லாததை இந்தக் கண்ணாடி சொல்லிவிடுகிறது. டக்ஸ்ஃபோர்டில் உள்ள கலைப்படைப்புகளில் மட்டுமல்ல, பிரிட்டன் முழுவதும் உள்ள போர் நினைவுச் சின்னங்களிலும் இதற்கு முதல் வரிசையில் இடம் தர வேண்டும்.

தளத்தின் மேற்குக் கடைசியில் தரைப்போர் மண்டபம். இதுவரை வானத்தையே பார்த்து வந்த கண்ணுக்கு இங்கே எல்லாம் கனமாகத் தெரிகிறது. பிரிட்டிஷ் தளபதி மான்ட்கோமரி போர்க்களத்தில் தங்கி வேலை பார்த்த மூன்று வண்டிகள் இங்கே இருக்கின்றன: ஒன்றில் அலுவலகம், ஒன்றில் வரைபடங்கள், ஒன்றில் படுக்கை. வண்டிச் சுவரில் எதிர்ப்படைத் தளபதி ரோமலின் படத்தை மாட்டிவைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தவர் மான்ட்கோமரி. எதிரி என்ன நினைப்பான் என்று யோசிக்க அந்த முகம் அவருக்குத் தேவைப்பட்டது.

டாங்கிகளில் சோவியத் டி-34ஐ அருகில் போய்ப் பார்க்க வேண்டும். பற்றவைத்த இடங்கள் கரடுமுரடாக இருக்கின்றன, வார்ப்பில் சொரசொரப்பு அப்படியே தெரிகிறது. அழகுபடுத்த நேரமில்லாத தொழிற்சாலைகளில் பிறந்த வண்டி. ஆனால் அதன் முன்தகடு சாய்ந்து நிற்கிறது. அந்தச் சாய்வில்தான் அறிவு இருக்கிறது: நேராக வரும் குண்டு சாய்ந்த தகட்டைத் துளைக்க அதிக தூரம் இரும்புக்குள் போக வேண்டும், பல சமயம் வழுக்கி விலகிவிடும். தகடு தடிக்காமலே காப்பு கூடுகிறது. பக்கத்தில் அமெரிக்க ஷெர்மன். உயரமாக, வட்டமான தோள்களோடு நிற்கிறது. போர் முடிவதற்குள் 49,000க்கும் மேல் செய்து குவித்தார்கள். ஐந்து பேர் உள்ளே. மேலே உள்ள வட்டக் கதவின் அகலத்தைப் பார்த்தால், வண்டி தீப்பிடித்தால் எத்தனை பேர் எவ்வளவு நேரத்தில் வெளியே வர முடியும் என்ற கேள்வி தானாக எழும். டாங்கிப் படையினர் ஒவ்வொரு நாளும் போட்ட கணக்கு அதுதான்.

இந்த ஷெர்மன்கள் பிரான்ஸின் நார்மண்டியில் மட்டும் ஓடவில்லை. 1945 மார்ச்சில் பர்மாவின் மெய்க்திலாவைப் பிடிக்க நடந்த கடும் சண்டையில், 255ஆம் இந்திய டாங்கிப் படைப்பிரிவின் வீரர்கள் ஓட்டியதும் ஷெர்மன்தான். அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன் அதே பர்மாவிலிருந்து ஆயிரக்கணக்கான தமிழ்க் குடும்பங்கள் காடும் மலையும் கடந்து நடந்தே இந்தியா வந்து சேர்ந்தன. வழியிலேயே இறந்தவர்களுக்குக் கணக்கு இல்லை. இரும்பு வண்டிகளுக்கு மண்டபம் இருக்கிறது. அந்த நடைக்கு ஓர் அருங்காட்சியகம் தமிழ்நாட்டில் எழ வேண்டும். நடந்து வந்தவர்களின் பிள்ளைகளும் பேரர்களும் இன்னும் சொல்லக்கூடியவர்களாக இருக்கும்போதே எழ வேண்டும்.

டக்ஸ்ஃபோர்டிலிருந்து கேம்பிரிட்ஜைத் தாண்டினால் மேடிங்லி என்ற ஊர். அங்கே கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் கொடுத்த நிலத்தில் அமெரிக்கப் போர்க் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. சரிவான புல்வெளியில் வளைவு வளைவாக 3,800க்கும் மேற்பட்ட வெண்கற்கள். உடல் கிடைக்காத 5,127 பேரின் பெயர்கள் ஒரு நீண்ட சுவரில். கண்ணாடிப் பலகையில் உருவமாகக் கண்ட விமானங்களில் இருந்தவர்கள் பலர் இங்கே பெயராக இருக்கிறார்கள். இரண்டு இடங்களையும் ஒரே பயணத்தில் பார்ப்பதுதான் முறை. விமானங்களை மட்டும் பார்த்துவிட்டு லண்டனுக்குத் திரும்புகிறவர்கள் பாதியைத்தான் பார்த்திருக்கிறார்கள்.

சென்னையில் இருப்பவர்கள் இத்தகைய பெயர்களைப் பார்க்க இங்கிலாந்து போகும்வரை காத்திருக்கத் தேவையில்லை. பரங்கிமலையிலிருந்து பூந்தமல்லி போகும் சாலையில், நந்தம்பாக்கத்தில், காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் பராமரிக்கும் மெட்ராஸ் போர்க் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் இறந்த எண்ணூறுக்கும் மேற்பட்டவர்கள் அங்கே அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள். அவர்களில் விமானப்படையினரும் உண்டு. ஒரு காலை நேரம் அங்கே போய், கல்லில் பொறித்திருக்கும் பெயர்களையும் வயதுகளையும் படித்துப் பாருங்கள். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள்.